ஸ்டோர்ஸ் அக்காவும் ஏழு பேர் பெற்ற குழந்தையும்

என் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் ஏழரை மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிவதாக அச்சாகியிருந்தது. அச்சகத்துக்காரர், என் அப்பா, மாமனார், இரு வீட்டுச் சித்தப்பாக்கள் என்று எல்லார் கையும் பட்டுத்தான் அது வெளியே வந்தது. ஊர் முழுக்கக் கொடுத்தோம். எல்லோரும் "ரொம்ப அழகா இருக்கு" என்றார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து மட்டும் ஒரு போன் வந்தது.

"இன்னா தம்பி, ஆறு மணிக்கு முடியற கல்யாணத்துக்கு நான் ஏழரைக்கு வந்து இன்னா பண்றது? நேரா பந்திக்குப் போயிடவா?"

அதுதான் ஸ்டோர்ஸ் அக்கா.

தொழிற்பேட்டையில் ஒரு வால்வு கம்பெனியின் ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பில் இருந்தது. புடவைக்கு மேல் நீலக் கோட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கொண்டையில் ஒரு பென்சில். வெளியிலிருந்து வரும் சரக்கு எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் உள்ளே போகாது. அவர் கையெழுத்தோ படிக்காமல் விழாது. சலானின் முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். அக்கா பின்பக்கத்தில் எறும்பு சைஸில் இருக்கும் நிபந்தனைகளையும் படிப்பார். லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு நேராக நாஷ்டாவுக்குப் போய்விடுவார்கள். இட்லி, வடை, டீ எல்லாம் முடித்துத் திரும்பி வந்தால் அக்கா மூன்றாவது பத்தியில் இருப்பார்.

பதிலுக்கு டிரைவரும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள்? "கீழ வரைக்கும் படிச்சியா?" என்று அக்கா ஒரு தடவை கேட்பார். "படிச்சேங்க்கா" என்று சொல்லிக்கொண்டே கிறுக்குவார்கள். அக்கா சண்டை போட மாட்டார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'படிக்கல' என்று பொடியாக எழுதிவைப்பார். ஒருமுறை அந்தக் கம்பெனி முதலாளியின் கையெழுத்துக்குப் பக்கத்திலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் படிப்புதான் காரணம் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஜாதகத்தோடு வந்த மாப்பிள்ளை விவரத்தில் 'சொந்த வீடு' என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி இருந்ததாம். வீட்டில் எல்லோரும் சொந்த வீட்டில் மயங்கிக் கிடந்தபோது அக்கா மட்டும் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே போனார். கடைசி வரியில் 'வழக்கில் உள்ளது' என்று இருந்தது. "தீர்ப்பு வந்ததும் வாங்கன்னு சொல்லிட்டேன். இன்னும் வரல" என்பார்.

நான் அப்போது பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருந்தேன். ஸ்டோர்ஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். சரக்குக் கணக்கு வைக்கும் மென்பொருளை நிறுவக் காலை பத்து மணிக்குப் போனேன். இருபது நிமிட வேலை. இரண்டாவது நிமிடத்தில் 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற பொத்தான் வந்தது. அதை அழுத்துவதற்காக எலியை நகர்த்தினேன்.

"இரு. இன்னா அது?"

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாருக்கும் வர்றதுதான்."

"எல்லாருக்கும் வந்தா எல்லாரும் படிக்கணும். நகரு."

ஆங்கில அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் டீ குடித்தேன். சாப்பிட்டேன். ஒரு தூக்கம் போட்டேன். மூன்று மணிக்கு அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "இதனால கணக்கு தப்பா வந்தா அவன் பொறுப்பு இல்லியாம். உள்ள எப்படி வேல செய்யுதுன்னு நாம பாக்கவும் கூடாதாம். ஒரு நட்டு போல்ட்டு விக்கிறவன்கூட இப்படி எழுத மாட்டான். எடுத்துக்கினு போ" என்றார்.

நானும் விடவில்லை. மறுவாரம் கட்டற்ற மென்பொருள் ஒன்றைக் கொண்டுபோனேன். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், காசு இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அதன் உரிமப் பத்திரத்தையும் அக்கா படித்தார். அதுவும் நீளம்தான். முடித்துவிட்டு, "இவனும் பொறுப்பு இல்லன்னுதான் சொல்றான்" என்றார். என் முகம் தொங்கிவிட்டது. "ஆனா, நீயே தொறந்து பாத்துக்கோன்றான். அது நாயம். போடு."

அப்படித்தான் அவர் எங்கள் குழுவுக்கு வந்தார். குழு என்றால் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கூடுவோம். கடிதம் எழுதும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை முழுக்கத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். அதன் பொத்தான்கள், பட்டியல்கள், பிழைச்செய்திகள் என்று சில ஆயிரம் வரிகள். பழவேற்காட்டில் மீன்வலைக் கடை வைத்திருந்த குடும்பத்து சலீம் பாய் இருந்தார். பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து முனிரத்தினம் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். உலகத்துக்கே விடுதலை வாங்கித்தரப் போகிற மிதப்பு எங்கள் எல்லாருக்கும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் அதிகம். நான்தான் ஒருங்கிணைப்பாளர்.

வந்த முதல் கூட்டத்திலேயே அக்கா கேட்டார். "நீங்க பேசறது, எழுதறது எல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"இணையத்துலக்கா. அங்க மடல் குழு ஒண்ணு இருக்கு, ஒருத்தர் எழுதினா எல்லாருக்கும் போவும். கோப்புங்களும் அங்கியே."

"யாரு ஊட்ல?"

அது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இலவசமாகத் தரும் இடம். அதன் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. யாரும் திறக்க முடியாது. நாங்கள் ஊர் ஊராகப் போய் எதைக் கூடாது என்று பேசினோமோ, அதேதான்.

"காசு வாங்கறதில்லக்கா" என்றார் சலீம் பாய்.

"அது இன்னும் மோசம் பாய். வாடக குடுத்தா காலி பண்ணச் சொல்றவன் ரெண்டு மாசம் டைம் குடுப்பான். கீழ வரைக்கும் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. மறுவாரம் அவர் படித்துவிட்டு வந்தார். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் மூடலாம் என்று பன்னிரண்டாவது பத்தியில் இருந்ததாம். "நான் 'ஏற்கிறேன்' அழுத்த மாட்டேன். உங்க வேல மட்டும் பண்றேன்" என்றுவிட்டார்.

அதன் பலன் என் தலையில் விழுந்தது. குழுவில் வரும் மடல்களை அச்செடுத்து, புறநகர் ரயிலில் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அக்கா பழைய சலான்களின் பின்பக்கத்தில் பென்சிலில் பதில் எழுதித் தருவார். நான் அதைக் கொண்டுவந்து தட்டச்சு செய்து அனுப்புவேன். ஒரே நொடியில் உலகம் சுற்றும் மின்மடல், எங்களிடம் மட்டும் கவரைப்பேட்டையில் சிக்னலுக்காக நின்று வந்தது. "பேஜாரு புடிச்ச வேலக்கா இது" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். "படிக்கிறவளுக்கு எழுத்து வரணும். ரயில்ல வந்தா இன்னா?" என்றார். கோபமாக வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஏழு பேர் கண்ணிலும் தப்பிய பிழைகள் அந்தச் சலான்களில்தான் பிடிபட்டன.

இரண்டு வருடம் ஓடியது. வேலை முடிந்துவிட்டது. அந்த மாதக் கடைசிக்குள் கோப்புகளை, மென்பொருளை உருவாக்கும் வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்பினால் அடுத்த வெளியீட்டில் தமிழ் ஏறிவிடும். தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பத்து நாள் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கம்பெனி ஒரு புது வழக்கம் கொண்டுவந்தது. உள்ளே நுழைந்ததும், 'உங்கள் பிறந்த தேதியைத் தாருங்கள்' என்று ஒரு கட்டம். குழுவின் கணக்கு குழுவின் பெயரில்தான் இருந்தது; கோப்புகளுக்கு எல்லோரும் அதன் வழியாகத்தான் நுழைவோம். என் பிறந்த தேதியைக் கொடுப்பது எனக்கு முறையாகப் படவில்லை. குழு தொடங்கிய நாளைப் போட்டேன். போடும்போது நெஞ்சு கொஞ்சம் விம்மியது என்றுகூடச் சொல்வேன். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அழுத்திவிட்டேன்.

'உங்களுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் அனுமதி இல்லாமல் இந்தச் சேவையைப் பயன்படுத்த முடியாது' என்று வந்தது. கணக்கு பூட்டப்பட்டுவிட்டது.

திருத்த வழியில்லை. எழுதிக் கேட்டால், 'அம்மா அல்லது அப்பாவிடம் சொல்லுங்கள்' என்று ஓர் இயந்திரம் அன்பாகப் பதில் போட்டது. எங்களில் ஐந்து பேருக்கு வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நேராக அங்கேயே ஏற்றிவிடுவோம். முழுதாகத் திருத்திய பிரதி அந்தப் பூட்டுக்குப் பின்னால் மட்டும்தான் இருந்தது. அக்காவிடம் இருந்த அச்செடுத்த மடல்களில் எங்கள் சண்டைகள் இருந்தன, முடிவுகள் இல்லை. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்னால் போனதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்தில் தலைகுனிந்து சொன்னேன். முனிரத்தினம் வாத்தியார் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "ஏன் நைனா, இருபத்தாறு வயசு உனக்கு. உன் வயச போட வேண்டிதுதானே? கொழந்தைக்கு ஆயுஷ்ஹோமம் பண்ணப்போறியா?"

சலீம் பாய், "யாராச்சும் அப்பான்னு ஒரு கையெழுத்து போட்டு அனுப்பிடலாம்பா. அங்க எவன் வந்து பாக்கப்போறான்?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஏழு பேரில் யார் அப்பா என்பதில்தான் தகராறு.

அக்கா அதுவரை நான் அச்செடுத்து வைத்திருந்த பதினான்கு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "பொய் வேணாம்" என்றார். "ஒம்போதாம் பக்கம் பாருங்க. அப்பா, அம்மா, இல்லன்னா காப்பாளர். காப்பாளர்னா யாருன்னு கீழ போட்டுக்கிறான். 'இந்தக் குழந்தையின் வளர்ப்புக்குப் பொறுப்பானவர், பொறுப்பில் உள்ளவர்களால் முறைப்படி நியமிக்கப்பட்டவர்.' நீங்க ஏழு பேரும்தானே பெத்தது? என்னை நியமிங்க. அப்புறம் நான் போடற கையெழுத்து நெஜம்."

"அக்கா, நீங்க குழுவுல உறுப்பினரே இல்லியே" என்றேன்.

"பெத்தவளே வளக்கணும்னு எங்க எழுதிக்கிது?"

தீர்மானம் எழுதினோம். ஒவ்வொருவரும் அதை உரக்கப் படித்துக்காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அக்கா. ஆறு பேர் படித்தோம். ஒருவர் ஊரில் இல்லை. அவரைப் பிடிக்க அக்கா இரண்டு பஸ் மாறிப் பள்ளிப்பட்டுக்கே போய், அவர் மாமனார் வீட்டு விசேஷத்தில் பந்திக்கு நடுவில் நிறுத்திப் படிக்கவைத்தார். மாமனார் ஏதோ சொத்துப் பத்திரம் என்று பயந்துபோய்விட்டாராம்.

பிறகு படிவம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, காப்பாளர் பெயர், அஞ்சல் முகவரி. கீழே 'வேறு விவரம் ஏதேனும்' என்று இரண்டு விரல் அகலத்துக்கு இடம். அக்கா ஆங்கிலத்தில் எழுதினார்: 'இந்தக் குழந்தை ஏழு பெரியவர்கள் அடங்கிய ஒரு குழு. பிறந்த தேதி சரியானதே. உங்கள் நிபந்தனைகள் அனைத்தையும் படித்தேன். பன்னிரண்டாவது பத்தி நியாயமில்லை. காரணங்கள் இணைப்பில்.' இணைப்பு மூன்று பக்கம்.

"இதப் பாத்தா பூட்ட இன்னும் இறுக்கிடுவான்கா" என்று கெஞ்சினேன். காலில் விழாத குறை.

"படிச்சிட்டு மாட்டேன்னு சொன்னா அது ஒரு பதில். சொல்லட்டும்."

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஃபேக்ஸ் கடையில் ஒவ்வொரு தாளாக உள்ளே போனபோது என் உயிரும் கூடவே போய்வந்தது. மறுநாள் பிரவுசிங் சென்டரில் பார்த்தால், 'நன்றி. உங்கள் குழந்தையின் கணக்கு திறக்கப்பட்டது' என்று இருந்தது. நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். கோப்புகளை அப்போதே இறக்கி அனுப்பினேன். அடுத்த வெளியீட்டில் தமிழ் ஏறியது.

ஸ்டோர்ஸுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா சந்தோஷப்படவில்லை. "எவ்ளோ நேரத்துல தொறந்துது?" என்று கேட்டார். ஃபேக்ஸ் போன பதினைந்தாவது நிமிடம் என்று அதில் போட்டிருந்தது.

"நாலு பக்கம். பதினஞ்சு நிமிஷம்" என்றார். "யாருமே படிக்கல தம்பி."

வாரம் முழுக்க அவர் முகம் சரியாகவே இல்லை. வெற்றி பெற்ற ஒருவர் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாக் குழுக்களுக்கும் நடப்பதுதான். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. சலீம் பாய் துபாய் போனார். பழைய மடல் குழு பழசாகிப்போனது. படமெல்லாம் போடக்கூடிய புது இடம் ஒன்று வந்தது. அதுவும் வேறொரு கம்பெனியின் இலவச இடம்தான். எல்லோரும் அங்கே குடிபோனோம். போகும்போது 'ஏற்கிறேன்' அழுத்தினோம். பழைய இடத்தில் இரண்டு வருடச் சொற்களும், சண்டைகளும், நான் ரயிலில் சுமந்து தட்டச்சு செய்த அக்காவின் பதில்களும் அப்படியே கிடந்தன. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலைந்து வருடம் கழித்து அக்காவிடமிருந்து போன். "தம்பி, கொழந்தைய ஊட்டுக்குக் கூட்டிக்கினு போகச் சொல்லிட்டாங்க."

"எந்தக் கொழந்தக்கா?"

"ஞாயித்துக்கெழம வா" என்று வைத்துவிட்டார்.

போனேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பார்சலோடு உட்கார்ந்திருந்தார். கொண்டையில் நரை, அதில் அதே பென்சில். அந்தக் கம்பெனி மடல் குழுக்களை மொத்தமாக மூடிவிட்டதாம். மூடுவதற்கு இரண்டு மாதம் முன்பு எல்லாருக்கும் மின்மடல் போயிருக்கிறது. காப்பாளர் உள்ள குழந்தைகளுக்கு மட்டும், காப்பாளரின் முகவரிக்குத் தபாலிலும் வந்திருக்கிறது. காப்பாளர் கேட்டால் குழந்தை சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் தர வேண்டும் என்று பதினோராம் பக்கத்தில் இருப்பதைக் காட்டி அக்கா பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறார். சிடி தட்டுகள் வந்துவிட்டன.

"உனக்கும் மெயில் வந்திருக்கணுமே" என்றார்.

வந்திருந்தது. பிறகு தேடிப் பார்த்தேன். அதன் கீழே 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று ஒரு பொத்தான். அதை நான் அழுத்தியும் இருந்தேன். குழு மூடி ஒன்பது நாள் ஆகியிருந்தது. முழுப் பிரதி உலகத்தில் வேறு எங்கும் இல்லை. வெட்கத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் அக்கா காட்ட வந்தது அது இல்லை. பார்சலுக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. அந்தக் கம்பெனியில் யாரோ ஒருவர் கையால் எழுதியது. 'உங்கள் கடிதத்தைக் கடைசி வரை படித்தேன். கோப்பில் உங்கள் பழைய ஃபேக்ஸும் இருந்தது. அதன் மூன்று பக்க இணைப்பையும் படித்தேன். பன்னிரண்டாவது பத்தி பற்றி நீங்கள் சொன்னது சரி. குழு நன்றாக வளர்கிறதா?'

அக்கா அந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்காக இன்னொரு தடவை படித்தார். "படிச்சிக்கிறாங்க பாரு" என்றார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

ரயிலுக்கு மணி அடித்தது. அக்கா பையிலிருந்து கார்பன் வைத்த ஒரு ரசீதை எடுத்தார். 'சிடி தட்டுகள் நான்கு, நல்ல நிலையில்' என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. "கீழ வரைக்கும் படிச்சிட்டுப் போடு" என்றார். வண்டி உள்ளே வந்துவிட்டது. "படிச்சேங்க்கா" என்று சொல்லிக்கொண்டே முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கார்பன் பிரதியைக் கிழித்து அவர் வைத்துக்கொண்டார். அசலை என் சட்டைப்பையில் செருகினார்.

கவரைப்பேட்டை தாண்டியதும் எடுத்துப் படித்தேன். கடைசியில் இப்படி இருந்தது: 'இன்று முதல் இந்தக் குழந்தைக்குக் கையெழுத்திடும் நானே காப்பாளர். எந்த இடத்தில் வைத்தாலும் அந்த வீட்டு நிபந்தனைகளை முழுவதும் படித்த பிறகே வைப்பேன். இந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தால் அடுத்த ஞாயிறே ஸ்டோர்ஸுக்கு வந்து, இதை உரக்கப் படித்துக் காட்டுவேன்.'

அதன் கீழே என் கையெழுத்து. பக்கத்தில் பென்சிலில், பொடியாக, 'படிக்கல'.

எப்போது எழுதினார் என்று யோசித்தேன். என் கண்ணெதிரில் அவர் பென்சிலைத் தொடவே இல்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் கையெழுத்தின் வால் அந்தப் பென்சில் எழுத்துகளின் மேல் ஏறிப் போயிருந்தது.